ஓநாயும் ஒளியும்

பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய தொடர்கதை ஒன்றில் கதாநாயகியின் பார்வையைப் பறித்து விட்டேன். அதற்குத் தகுந்த காரணம் எதுவும் இல்லை. முப்பதாவது அத்தியாயத்தில் கதை தொய்ந்து போயிருந்தது. பெரிய சம்பவமாக ஏதாவது நடந்தாக வேண்டும். ஆகவே அவளுடைய தகப்பனார் இறந்தார். அவள் கதவைத் தாழிட்டுக் கொண்டு மூன்று வாரம் அழுதாள். அழுது அழுது கண் போயிற்று என்று எழுதி அனுப்பினேன். அடுத்த வாரம் வந்த கடிதங்களெல்லாம் கண்ணீரில் நனைந்திருந்தன. எனக்குப் பரம திருப்தி.

அந்தக் குவியலில் ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. எழுதியவர் ஒரு பெண்மணி. அழுவதால் யாருக்கும் கண் போவதில்லை என்று தொடங்கியிருந்தார். அவருடைய தங்கைக்குக் கண் போயிருந்தது. அவளுக்கு வந்த வியாதியின் பெயர் லூபஸ். முதலில் கன்னத்தில் சிவப்பு, பிறகு விரல் மூட்டுகளில் வலி, சாயங்காலமானால் ஜுரம் என்று ஒரு வருஷம் போயிற்று. ஒரு நாள் காலையில், வலது கண்ணை அசைத்தால் வலிக்கிறது என்றாள். வீட்டில் திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். ஆறு நாள் பொறுத்துப் பார்த்தார்கள். ஏழாம் நாள் டாக்டரிடம் போனபோது அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டுமே தெரிந்தது. அந்த ஆறு நாட்களை இன்னும் எண்ணிக் கொண்டிருப்பதாகக் கடிதத்தை முடித்திருந்தார் அந்த அம்மாள்.

என் மீது கோபமாக ஒரு வார்த்தைகூட இல்லை. இருந்திருந்தால் பதில் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். அதற்குப் பதிலாகப் புத்தகங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் ஒரு சரித்திரமே கிடைத்தது. நான் கற்பனை செய்த எந்தக் கதையைவிடவும் அதில் திருப்பங்கள் அதிகம்.

லூபஸ் என்றால் லத்தீன் மொழியில் ஓநாய். மத்திய கால ஐரோப்பாவில் முகத்தை அரித்துத் தின்னும் புண்களுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். ஓநாய் கடித்துக் குதறியது போல் இருக்கிறது என்பது அவர்களுடைய எண்ணம். பெயர் வைத்தவர்கள் ஒரு தவறு செய்தார்கள். ஒரே பெயரில் இரண்டு மிருகங்களை ஒரே கூண்டில் அடைத்து விட்டார்கள். ஒன்று தோலில் வரும் காச நோய். மற்றொன்றுதான் நம்முடைய ஓநாய். இரண்டுக்கும் குணத்தில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! டென்மார்க்கு தேசத்து நீல்ஸ் ஃபின்சன் என்பவர் முதல் ஓநாயைச் செறிந்த ஒளிக்கதிர்களாலேயே விரட்டிக் காட்டி, 1903-இல் நோபல் பரிசு பெற்றார். இரண்டாவது ஓநாய்க்கோ வெயில்தான் தீனி. சூரிய ஒளி பட்டால் அது சீறிக் கொண்டு எழும்.

இந்த இரண்டாவது மிருகத்தைத் தனியாகப் பிரித்துப் பார்த்தவர்கள் பாரிஸ் நகரத்தாரும் வியன்னா நகரத்தாரும். பாரிஸில் செயின்ட் லூயி ஆஸ்பத்திரியில் இருந்த கஸனாவ் என்ற தோல் நிபுணர், 1851-ஆம் வருஷத்தில் 'லூபஸ் எரிதிமட்டோஸஸ்', அதாவது 'செந்நிற லூபஸ்' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தார். அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே, 1845-இல், வியன்னாவில் ஹெப்ரா என்பவர் அந்தச் சிவப்பு மூக்கின் மேல் உடல் வைத்து இரண்டு கன்னங்களிலும் சிறகு விரிக்கிறது என்று கண்டு, அதைப் பட்டாம்பூச்சிக்கு ஒப்பிட்டிருந்தார். ஓநாய் பட்டாம்பூச்சியாயிற்று. ஆனால் 1872-இல் ஹெப்ராவின் மருமகனான கபோஸி, மாமனாரின் பட்டாம்பூச்சிக்குள் ஓநாய் இருப்பதைக் கண்டுபிடித்தார். இது வெறும் தோல் வியாதி அல்ல; காய்ச்சல், மூட்டு வீக்கம், இரத்தச் சோகை, நரம்பு மண்டலத்தில் கோளாறு என்று உடம்பு முழுவதும் பரவக்கூடியது; உயிரையும் குடிக்கக்கூடியது என்று எழுதினார். பால்டிமோரில் இருந்த பெரிய டாக்டரான வில்லியம் ஆஸ்லரும் 1895 முதல் எழுதிய கட்டுரைகளில், தோலில் தெரிவது கொஞ்சம், உள்ளே நடப்பது அதிகம் என்பதையே எடுத்துக் காட்டினார்.

இனிக் கண்ணின் கதைக்கு வருவோம். என்ன பொருத்தமோ, அதுவும் 1851-ஆம் வருஷத்தில்தான் தொடங்குகிறது.

அதுவரையில் உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள்ளே என்ன இருக்கிறது என்பதை யாரும் தெளிவாகப் பார்த்ததில்லை. கண்மணி கறுப்பு வட்டமாகத் தெரியும். அதற்கு அப்பால் ஒரே இருட்டு. ஜெர்மனியைச் சேர்ந்த கோனிக்ஸ்பர்க் நகரத்தில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற வாலிபப் பேராசிரியர், மாணவர்களுக்குப் பாடம் நடத்த ஏற்பாடு செய்து கொண்டிருந்தார். கண்ணுக்குள் போகும் வெளிச்சம், போன வழியே திரும்பி வருகிறது. அந்த வழியில் நம் கண்ணை வைத்தால் உள்ளே பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றிற்று. அட்டை, கோந்து, நுண்நோக்கியில் வைக்கும் கண்ணாடித் துண்டுகள் ஆகியவற்றை ஒட்டி ஒரு கருவி செய்தார். 1850-ஆம் வருஷக் கடைசியில் அதை அறிவித்தார். 1851-இல் அதைப் பற்றிய சிறு நூல் வெளியாயிற்று. பள்ளிக்கூடப் பையன் செய்வது போன்ற அந்த அட்டைக் கருவியின் சந்ததிதான் இன்று கண் டாக்டர்கள் எல்லோரும் கையில் வைத்திருக்கும் கண்ணோக்கி.

அதன் வழியாகப் பார்த்தவர்களுக்கு உள்ளே ஒரு செந்நிறத் திரையும், அதன் நடுவில் சற்று ஒதுங்கினாற்போல் பூரணச் சந்திரன் மாதிரி வெளிறிய ஒரு வட்டமும் தெரிந்தன. அந்த வட்டம்தான் பார்வை நரம்பின் முகம். அதைப் 'பார்வை நரம்பு' என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் அது மூளையின் ஒரு நீட்சி. மூளையைப் போர்த்தியிருக்கும் உறைகளே அதையும் போர்த்தியிருக்கின்றன. சுமார் 5 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த வடத்துக்குள் பத்து லட்சத்துக்கும் அதிகமான இழைகள் இருக்கின்றன. நாம் பார்க்கும் முகங்கள், படிக்கும் எழுத்துக்கள், தேர்த் திருவிழா, தீபாவளி மத்தாப்பு எல்லாம் அந்த இழைகளின் வழியேதான் மூளைக்குப் போய்ச் சேர வேண்டும். வெட்டிய விரல் ஆறும். முறிந்த எலும்பு கூடும். பட்டுப் போன இந்த இழை மட்டும் மறுபடி முளைப்பதில்லை. அந்த அம்மாள் எண்ணிக் கொண்டிருக்கும் ஆறு நாட்களின் விலை இதுதான்.

பெர்லினில் இருந்த கிரேஃபே என்ற கண் வைத்தியர், மூளையில் கோளாறு உள்ளவர்களின் கண்ணில் அந்தச் சந்திர வட்டம் வீங்கிக் கலங்கியிருப்பதை 1860-இல் விவரித்தார். ஆனால் எல்லாருடைய நரம்பும் முகத்தில் வீங்குவதில்லை. கண் உருண்டைக்குப் பின்னால், கருவிக்கும் எட்டாத இடத்தில் அழற்சி ஏற்படுவது உண்டு. அப்போது வட்டம் ஒரு குறையும் இல்லாமல் தெளிவாகவே தெரியும். நோயாளியோ பார்வை இல்லை என்று துடிப்பான். லண்டனில் நெட்டில்ஷிப் என்ற நிபுணர் 1884-இல் இந்த வகையைப் பற்றி எழுதினார். நோயாளிக்கும் ஒன்றும் தெரியவில்லை, டாக்டருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று கண் வைத்தியர்கள் இதை வேடிக்கையாகச் சொல்வார்கள். எத்தனை பெண்கள் இந்த வேடிக்கைக்குப் பலியாகி, பாசாங்குக்காரிகள் என்று பெயர் வாங்கியிருப்பார்களோ!

வேடிக்கைக்கு முடிவு கட்ட ஒரு சாதாரண டார்ச் விளக்கு போதும். வெளிச்சத்தை ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்கு மாற்றி மாற்றிக் காட்டினால், நல்ல கண்ணில் பட்டபோது சுருங்கிய கண்மணி, கெட்ட கண்ணுக்கு வெளிச்சம் வந்ததும் விரியும். நரம்பு சரியாகச் சேதி கொண்டு போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. மனிதர் பாசாங்கு செய்யலாம்; கண்மணி செய்யாது.

ஓநாயின் கதையும் ஒளியின் கதையும் வெகு காலம் தனித் தனி நதிகளாகவே ஓடிக் கொண்டிருந்தன. அவை கலந்த இடங்களில் முக்கியமானது அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ராச்செஸ்டர் என்னும் ஊர். அங்கேதான் மேயோ கிளினிக் இருக்கிறது. 1948-ஆம் வருஷத் தொடக்கத்தில் அங்கே ஹார்கிரேவ்ஸும் அவருடைய சகாக்கள் இருவரும் ஓர் அதிசயத்தை வெளியிட்டார்கள். லூபஸ் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில், ஒரு வெள்ளை அணு இன்னோர் அணுவின் உட்கருவை விழுங்கி வைத்துக் கொண்டிருப்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். ஓநாய் வெளியிலிருந்து வரவில்லை என்பதற்கு அது முதல் தடயம். காவலுக்கு வைத்த நாயே வீட்டுக்காரனைக் கடிக்கிறது! வெளிப் பகையை எதிர்க்க வேண்டிய தற்காப்புச் சக்தி, சொந்த அணுக்களின் மேலேயே பாய்கிறது. இந்த வியாதியில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலோர் பிள்ளை பெறும் பருவத்தில் உள்ளவர்கள்.

அதே வருஷம் செப்டம்பர் 21-ஆம் தேதி, அதே மேயோ கிளினிக்கின் டாக்டர் ஹென்ச், மூட்டு வாதத்தால் படுத்த படுக்கையாய்க் கிடந்த 29 வயதுப் பெண் ஒருத்திக்கு ஒரு புதிய மருந்தை ஊசி மூலம் ஏற்றினார். சில நாட்களில் அவள் எழுந்து நடந்து கடை வீதிக்கே போய் விட்டாள். அந்த மருந்துதான் கார்டிசோன். 1950-இல் ஹென்ச்சும் கெண்டலும் ரைக்ஸ்டைனும் நோபல் பரிசு பெற்றார்கள். தன்னையே கடிக்கும் நாய்க்கு முதன்முதலாக ஒரு சங்கிலி கிடைத்தது. அது வரையில் லூபஸ் உள்ளுறுப்புகளைத் தாக்கினால் நாட்களை எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லாமல் இருந்தது.

இந்த இடத்தில் என் தொழிலைச் சேர்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஃபிளானரி ஓ'கானர் என்ற அமெரிக்க எழுத்தாளர், ஜார்ஜியா மாநிலத்தில் 1925-இல் பிறந்தவர். பதினைந்து வயதில் தகப்பனாரை லூபஸுக்குப் பறிகொடுத்தார். 1950 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்காக ஊர் திரும்பியபோது அவரையே அது பிடித்துக் கொண்டது. தகப்பனைக் கொன்ற வியாதி என்று தெரிந்தால் மகள் தாங்க மாட்டாள் என்று தாயார் அதை மறைத்து, மூட்டு வாதம் என்றே சொல்லி வந்தார். 1952-இல் ஒரு சிநேகிதி உண்மையை உடைத்தார். ஏ.சி.டி.எச். என்னும் மருந்தும் கார்டிசோனும் அவருக்குப் பதின்மூன்று வருஷ ஆயுளைக் கொடுத்தன. இடுப்பு எலும்பைக் கெடுத்து ஊன்றுகோல்களையும் கொடுத்தன. மில்லெட்ஜ்வில் என்ற சிற்றூருக்கு வெளியே பண்ணை வீட்டில் தாயாருடன் இருந்து கொண்டு, காலையில் எழுதுவதும் மயில்கள் வளர்ப்பதுமாகக் காலம் கழித்தார். 1964 ஆகஸ்டு 3-ஆம் தேதி, 39-ஆம் வயதில் காலமானார்.

அவரை லூபஸ் கண்ணில் தாக்கவில்லை. ஆனால் நோய் வந்த அந்த நாட்களில் அவர் கையிலிருந்த முதல் நாவலின் கடைசியில், கதாநாயகன் சுண்ணாம்பை இட்டுத் தன் கண்களைத் தானே அவித்துக் கொள்கிறான். நானும் ஒரு கண்ணைக் கெடுத்தேன், அவரும் கெடுத்தார். அவருடைய நாவலில் மனிதன் தன் ஆத்மாவோடு நடத்தும் போரின் முடிவு அது. என் கதையில் அது வெறும் முப்பதாவது அத்தியாயம்.

கார்டிசோனுக்குத் துணையாக இன்னொரு மருந்தும் சேர்ந்தது. அது வந்த வழியும் விசித்திரமானது. இரண்டாம் உலக யுத்தத்தில் போர்வீரர்களுக்கு மலேரியா வராமல் இருக்க மெபாக்ரின் மாத்திரை கொடுத்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் அதைத் தின்றபோது, சிலருக்குத் தோல் படையும் மூட்டு வலியும் குறைந்தன. லண்டனில் டாக்டர் பேஜ் 1951-இல் லூபஸ் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து நற்பலன் கண்டு எழுதினார். அந்தக் குடும்பத்தில் பிறந்த ஹைட்ராக்ஸி குளோரோகுவின் 1955-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்றைக்கும் லூபஸ் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அன்றாட மருந்து அதுதான். ஆனால் விதியின் குறும்பைப் பாருங்கள்: அதன் மூத்த சகோதரனான குளோரோகுவின் விழித்திரையைக் கெடுக்கக்கூடும் என்று 1959-இல் தெரிய வந்தது. ஹைட்ராக்ஸி குளோரோகுவினிலும் அந்த அபாயம் உண்டு, அளவில் குறைவு. ஆகவேதான் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, தொடக்கத்தில் ஒரு முறையும் ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் கண்ணைச் சோதிக்க வேண்டும் என்று 2016-இல் அமெரிக்கக் கண் வைத்தியர் சபை வகுத்தது. பயந்து மருந்தை நிறுத்துவது புத்திசாலித்தனம் அல்ல. சோதிக்காமல் தின்பதும் அல்ல.

லூபஸ் பார்வை நரம்பை எப்படித் தாக்குகிறது? ஒரு வழியில் அல்ல. நரம்புக்குச் சோறு போடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அழற்சியால் அடைபடுகின்றன. பட்டினி கிடக்கும் நரம்பு முதலில் தன் மேலுறையை இழக்கிறது, பிறகு இழைகளையே இழக்கிறது. சிலருக்கு இரத்தமே சுலபத்தில் உறையும் சுபாவத்தைப் பெற்று விடுகிறது. லண்டனில் கிரஹாம் ஹியூஸ் 1983-இல் இந்தக் கோளாறை விவரித்தார். இந்த வகையினருக்கு உறைதலைத் தடுக்கும் மருந்தும் தேவைப்படலாம். இன்னும் சிலருக்கு வேறோர் எதிர்ப்பொருள் கண் நரம்பையும் முதுகுத் தண்டையும் குறி வைத்து அடிக்கிறது. பிரான்சில் டெவிக் என்பவர் 1894-இல் விவரித்த அந்த நோயின் எதிர்ப்பொருளை, நூற்றுப் பத்து வருஷம் கழித்து, 2004-இல், வாண்டா லென்னனும் சகாக்களும் கண்டுபிடித்தார்கள். எங்கே தெரியுமா? அதே மேயோ கிளினிக்கில்! வெள்ளை அணு விழுங்கியதைக் கண்ட ஊர், கார்டிசோனைக் கொடுத்த ஊர், மூன்றாவது முறையும் கதைக்குள் வந்து விட்டது. நாவலில் நான் இப்படி எழுதினால், தற்செயலை அளவுக்கு மீறி நம்புகிறார் என்று விமரிசகர்கள் வைவார்கள்.

மருந்தின் விஷயத்திலும் ஒரு பாடம் உண்டு. சாதாரணக் கண் நரம்பு அழற்சி உள்ளவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய பரீட்சையின் முடிவு 1992-இல் வெளியாயிற்று. நரம்பு வழியாகப் பெரிய அளவில் ஸ்டீராய்டு ஏற்றியவர்களுக்குப் பார்வை சீக்கிரம் திரும்பிற்று. அக்காலத்தில் வழக்கமாகக் கொடுத்து வந்த மாத்திரையை மட்டும் விழுங்கியவர்களுக்கோ, நோய் திரும்பத் திரும்ப வருவது அதிகமாயிற்று! லூபஸ் உள்ளவர்கள் அந்தப் பரீட்சையில் சேர்க்கப்படவில்லை. அவர்களுடைய நரம்பு அவ்வளவு சுலபமாகத் தானே தேறுவதும் இல்லை. லூபஸ் மூளையையும் நரம்புகளையும் கடுமையாகத் தாக்கிய 32 பேரை வைத்து, கண் நரம்பு அழற்சியும் அதில் அடக்கம், மெக்ஸிகோவில் நடந்த ஒரு சோதனை 2005-இல் வெளியாயிற்று. எல்லோருக்கும் முதலில் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். அதன் பின் சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற கடுமையான மருந்தைப் பெற்ற 19 பேரில் 18 பேர் தேறினார்கள். ஸ்டீராய்டையே தொடர்ந்த 13 பேரில் 7 பேர். தொகை சிறியதுதான். ஆனாலும் டாக்டர்கள் இப்போது மூன்று முதல் ஐந்து நாள் தினம் ஒரு கிராம் வரை ஸ்டீராய்டு ஏற்றி, தேவைப்பட்டால் இத்தகைய மருந்தையும் சேர்ப்பதற்கு இப்படிப்பட்ட அனுபவங்களே ஆதாரம். எல்லாவற்றிலும் ஒன்று பொது: சீக்கிரம் தொடங்கினால் மிஞ்சுவது அதிகம்; தாமதித்தால் குறைவு.

லூபஸ் உள்ள நூறு பேரில் சுமார் ஒருவருக்குத்தான் இந்தக் கண் நரம்பு அழற்சி வருகிறது. அபூர்வமாக வருவதாலேயே அது ஏமாற்றி விடுகிறது. கண் சிவப்பதில்லை, நீர் வடிவதில்லை, பார்ப்பவருக்குக் கண் அழகாகவே இருக்கும். கண்ணை உருட்டினால் உள்ளே வலிக்கும். நடுப் பார்வையில் புகை படிந்தாற்போல் இருக்கும். ஒரு கண்ணை மூடிக் கொண்டு பார்த்தால் சிவப்பு வெளிறியிருக்கும். நெற்றிக் குங்குமம் சாயம் போனது போல் தோன்றும். இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் லூபஸ் உள்ள பெண் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள் நம் ஊரில். இந்த வியாதிக்கு அந்தப் பழமொழி இரண்டு விதத்தில் பொருந்தும். சூரியனே இங்கே பகைவன். கண் கெட்ட பிறகு செய்கிற எதற்கும் பலன் சொற்பம். 1950-களில் லூபஸ் வந்தவர்களில் பாதிப் பேர் ஐந்து வருஷம்கூட இருக்கவில்லை. இன்று நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அந்த எல்லையைத் தாண்டி விடுகிறார்கள். உயிரைக் காப்பாற்றக் கற்றுக் கொண்ட பிறகு, அந்த உயிர் உலகத்தைப் பார்த்துக் கொண்டு வாழ வேண்டாமா?

அந்த அம்மாளுக்கு நான் எழுதிய பதில் சுருக்கமானது. அவருடைய தங்கையின் இடது கண்ணைப் பற்றி விசாரித்தேன். அது நன்றாக இருக்கிறது, மாத்திரை தவறுவதில்லை, வருஷம் தவறாமல் சோதனைக்குப் போகிறாள், தொடர்கதைகளும் படிக்கிறாள் என்று பதில் வந்தது. தொடர்கதைகளைச் சொன்ன இடத்தில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கதை புத்தகமாக வெளிவந்தபோது முப்பதாவது அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். இப்போது கதாநாயகி கதவைத் தாழிட்டுக் கொண்டு மூன்று வாரம் அழுவதில்லை. காலையில் கண்ணாடி முன் நின்று பொட்டு இட்டுக் கொள்ளும்போது, குங்குமம் ஏன் இப்படி வெளிறியிருக்கிறது என்று தாயாரைக் கேட்கிறாள். மிளகாய் எடுக்கப் போன தாயார் திரும்பி வந்து, "செருப்பைப் போட்டுக் கொள், புறப்படு" என்கிறாள். பழைய அத்தியாயத்தில் இருந்த சோகம் இதில் இல்லை என்று சில வாசகர்கள் குறைப்பட்டுக் கொண்டார்கள். உண்மைதான். அதற்காகத்தான் அதை மாற்றினேன்.